ஏற்கெனவே ஒரு எலேன் இருக்கிறாள்

பெங்களூரு, மடிவாலா
2 ஜூன் 2024

பூர்ணி,

கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துவிடாதே. நீ என் எண்ணை பிளாக் செய்து இரண்டு மாதம் ஆகிறது. மின்னஞ்சலுக்கும் பதில் இல்லை. உன் அப்பா போனுக்கு அடித்தேன். "அது கொல்லையில இருக்குதும்மா" என்றார். இரண்டாவது முறையும் நீ கொல்லையில்தான் இருந்தாய். மூன்றாவது முறை அவரே சிரித்துவிட்டார். அதனால் தபால்.

விஷயம் இதுதான். எங்கள் ஃப்ளோரில் ஓர் இடம் காலியாகிறது. பிரெஞ்சு பேசத் தெரிந்த ஆள் வேண்டும். நான் உன் பெயரைக் கொடுத்துவிட்டேன். உன்னைக் கேட்காமல்தான். கேட்பதற்கு வழி எங்கே வைத்தாய்?

வேலை என்ன என்று உனக்கு முழுதாகச் சொன்னதே இல்லை. விமானத்தில் போகிறவர்களுக்குப் பெட்டி தொலைந்துபோகும். காப்பீடு வைத்திருப்பார்கள். பிரான்சிலிருந்து கூப்பிட்டுக் கத்துவார்கள். நாம் பதிலுக்குக் கத்தாமல் பெட்டி என்ன நிறம் என்று கேட்க வேண்டும். உள்ளே என்ன இருந்தது என்று கேட்க வேண்டும். போன வாரம் ஒரு கிழவர் சட்டைகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்து, நீலச் சட்டைக்கு வந்ததும் நிறுத்திவிட்டார். மனைவி எடுத்துக் கொடுத்ததாம். அவ்வளவுதான் வேலை. மத்தியானம் தொடங்கும். அங்கே அப்போதுதான் விடியும்.

பள்ளியில் உனக்குத் தருவதைப்போல இரண்டு பங்குக்கு மேல் தருவார்கள். பாதி வாடகைக்குப் போய்விடும், அதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு அறை வேண்டுமென்றால் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்கிற ஊர் இது. ஆனால் உனக்கு அந்தக் கவலை வேண்டாம். நானும் சரிதாவும் இருக்கிற அறையில் மூன்றாவது கட்டில் போடலாம். அளந்து பார்த்தோம். சரிதா பக்கத்து சீட். மதுரைக்காரி. உனக்குப் பிடிக்கும்.

கல்லூரியில் மூன்று வருடம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். இதற்குமேல் உன்னிடம் கெஞ்ச எனக்குத் தெரியவில்லை.

செல்வி


தவளக்குப்பம்
8 ஜூன் 2024

தாமரைச்செல்விக்கு,

கிழிக்கவில்லை. தபால்காரர் அப்பா கையில் கொடுத்தார். அப்பா உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மொதலியார்பேட்ட பொண்ணுதான. பிரிச்சிப் படி. இதுக்கும் கொல்லைக்கு ஓடாத" என்றார்.

அளந்து பார்த்தோம் என்று எழுதியிருக்கிறாய். டேப்பின் ஒரு முனையை அவள் பிடித்தாளா?

ஏப்ரலில் நீ ஒரு படம் போட்டாய். ஏரிக்கரை. அவள் கழுத்தில் பச்சைத் துப்பட்டா. காந்தி வீதி ஞாயிறு சந்தையில் நானும் நீயும் ஒரே நேரத்தில் கைவைத்த துப்பட்டா அது. நீ ஊருக்குப் புறப்பட்டபோது எடுத்துக்கொண்டு போ என்று நான் கொடுத்தது. படத்துக்குக் கீழே 'என் வீடு' என்று எழுதியிருந்தாய். படத்தில் ஏரி இருந்தது. மரம் இருந்தது. அவள் இருந்தாள். இதில் எது வீடு என்று எனக்குத் தெரியவில்லை. அன்றுதான் பிளாக் செய்தேன்.

சின்ன விஷயம். தெரியும். தெரிவதால் குறையவில்லை.

வேலை பற்றி. எனக்கு ஆசை இல்லை என்று நினைக்காதே. இங்கே பிள்ளைகள் மதிப்பெண் விழும் என்பதற்காகப் பிரெஞ்சு எடுக்கிறார்கள். நாற்பது பேர் ஒரே குரலில் வணக்கம் சொல்வார்கள். பத்தாம் வகுப்பு முடிந்த மறுநாள் மறந்துவிடுவார்கள். நான் கடைசியாக ஒரு மனிதரிடம் பிரெஞ்சில் பேசியது பீச் ரோட்டில், வழி கேட்ட ஒரு வெள்ளைக்காரரிடம். காபிக் கடை எங்கே என்று கேட்டார். சொன்னேன். போய்விட்டார். அன்று முழுவதும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வெட்கமாகவும்.

அப்பா வேறு கணக்கு வைத்திருக்கிறார். அரசுப் பள்ளியில் பிரெஞ்சு வாத்தியார் இடம் வரும், அது வரும்போது நான் இந்த ஊர்க்காரியாக இருக்க வேண்டும். வெளியூர் போனால் குடியிருப்புச் சான்று கொடுக்க மாட்டார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். நான்கு வருடமாக அந்த இடம் வந்துகொண்டே இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன்னால் நீ கிளம்பியபோது நான் கிளம்பாததற்கும் அதுதான் காரணம். அல்லது அதைக் காரணமாக வைத்துக்கொண்டேன்.

நேர்காணல் விவரத்தை அனுப்பச் சொல். போவதென்று முடிவு செய்யவில்லை. உன் எண்ணையும் திறக்க மாட்டேன். எழுதினால் நீ கொஞ்சமாவது யோசிக்கிறாய்.

கட்டில் சுவரோரமா, நடுவிலா? நடுவில் என்றால் வேண்டாம்.

பூர்ணிமா


பெங்களூரு
14 ஜூன் 2024

பூர்ணி,

துப்பட்டாவை அவளாக எடுத்துப் போட்டுக்கொண்டாள். அவள் என் பற்பசையை எடுப்பாள், செருப்பை எடுப்பாள், தட்டிலிருந்து முட்டையை எடுப்பாள். கேட்டுவிட்டு எடுக்கிற பழக்கமே கிடையாது. இதற்கு இரண்டு மாதமா? அடியே, ஒரு போன் போட்டுத் திட்டியிருக்கலாமே.

நேர்காணல் இருபத்தைந்தாம் தேதி. மின்னஞ்சல் வரும். வீட்டிலிருந்தே பேசலாம்.

ஆனால் அவசரப்படாதே என்று சொல்லத் தோன்றுகிறது. நான் போன கடிதத்தில் நல்லதை மட்டும் எழுதிவிட்டேன். இங்கே கோடையில் தண்ணீர் லாரிக்கு ராத்திரி பகலாக நின்றோம். மூன்று கிலோமீட்டர் போக ஒரு மணி நேரம் ஆகும். பேருந்தில் நின்றுகொண்டே தூங்கக் கற்றுக்கொள்ள வேண்டும். ஒரு இட்லி வாங்கினால் சட்னிக்கும் சேர்த்து யோசிக்கிற விலை. வீட்டுக்காரர் ஒவ்வொரு மாதமும் ஒரு புது விதி போடுவார். உனக்கு அமைதி வேண்டும். உனக்குச் சாயங்காலம் காற்று வேண்டும். இங்கே காற்று என்றால் மின்விசிறி.

அரசு வேலை நிஜமாகவே வந்துவிட்டால்? உன் அப்பா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. யோசி.

கட்டில் பற்றி வீட்டுக்காரரிடம் கேட்டேன். மூன்று பேர் என்றால் கஷ்டம் என்கிறார். பார்க்கலாம்.

நேர்காணலில் என்னைப் பற்றி அதிகம் பேச வேண்டாம். சிபாரிசில் வருகிறாய் என்று நினைப்பார்கள். நீ அதற்கு மேலே.

செல்வி


தவளக்குப்பம்
26 ஜூன் 2024

தாமரைச்செல்விக்கு,

நேர்காணல் முடிந்தது.

வீட்டில் நெட் நிற்காது. பள்ளியின் கணினி அறையில் உட்கார்ந்து பேசினேன். திரையில் உங்கள் டீம் லீடர் மாலா வந்தார். கோலார் தங்கவயல் தமிழராம். கூட ஒருவர் கோபக்காரப் பயணியாக நடித்தார். நான் பெட்டியின் நிறம் கேட்டேன். பூட்டு எப்படிப்பட்டது என்று கேட்டேன். அவர் கோபத்தை மறந்து, நிஜமாகவே தான் ஒருமுறை தொலைத்த பெட்டியைப் பற்றிச் சொல்லத் தொடங்கிவிட்டார். முடிந்ததும் இரண்டு பேரும் எதையோ குறித்துக்கொண்டார்கள். பிறகு மாலா தமிழுக்கு வந்தார்.

"கஸ்டமர்கிட்ட பேச ஒரு பிரெஞ்சுப் பேர் வச்சிக்கணும். ஏதாவது யோசிச்சிருக்கீங்களா?"

இதில் யோசிக்க என்ன இருக்கிறது. கல்லூரியில் முதல் நாள் மதாம் பெஞ்சு பெஞ்சாக வந்து எல்லோருக்கும் பிரெஞ்சுப் பெயர் வைத்தார். கோபிநாத்துக்கு பாஸ்கால். நீ ஓதில். நான் எலேன். மூன்று வருடம் அந்த அறைக்குள் எனக்கு வேறு பெயர் கிடையாது.

"எலேன்" என்றேன்.

"அச்சச்சோ. எங்ககிட்ட ஏற்கெனவே ஒரு எலேன் இருக்காங்களே. ஃப்ளோர்லயே நல்ல குரல். உங்க ஊர்தான். அட, உங்கள ரெஃபர் பண்ணதே அவங்கதான."

அவர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

"அப்பா என்ன பண்றாரு?"

"கரும்பு போடறாரு."

"எலேனோட அப்பாவும் கரும்புதான். என்ன, பாண்டியில எல்லாரும் கரும்புதானா?"

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு முகத்தில் எவ்வளவு நேரம் இருந்தது என்று திரையில் எனக்கே தெரிந்தது.

பெயரை எடுத்தாய். கேட்டிருந்தால் நான் கொடுத்திருக்க மாட்டேன். அதனால்தான் கேட்கவில்லை, சரி. ஆனால் உன் அப்பா கடலூர் சாலையில் டைல்ஸ் கடை வாசலில் யூனிபார்ம் போட்டு உட்கார்ந்திருக்கிறார். நான் டவுனுக்குப் போகும்போதெல்லாம் பேருந்து ஜன்னலில் என்னைப் பார்த்துவிட்டால் எழுந்து நின்று கைகாட்டுவார். எதற்கு எழுந்திருக்கிறார் என்று எனக்குக் கூச்சமாக இருக்கும். அவரை அங்கே எங்கே வைத்தாய்?

எனக்குத் தெரியாத ஒருத்தி என் பெயரில், என் அப்பாவோடு, ஒரு பெரிய ஊரில் நன்றாக இருக்கிறாள். பார்த்தால் யாருக்குத்தான் பொறாமை வராது.

சரிதா உன்னை அறையிலும் அப்படித்தான் கூப்பிடுகிறாளா?

வேலை எனக்குத்தான் என்று இன்று மின்னஞ்சல் வந்துவிட்டது. ஜூலை பத்துக்குள் பதில் சொல்ல வேண்டும்.

எலேன்


பெங்களூரு
1 ஜூலை 2024

பூர்ணிமா,

ஆமாம். அறையிலும் எலேன்தான்.

முதல் நாள் ஓதில் என்றுதான் சொன்னேன். ஒரு பெண். லியோனிலிருந்து. நான் இரண்டு வாக்கியம் பேசினேன். வேறு யாராவது இருந்தால் கொடுங்கள் என்றாள். அடுத்த கால் வந்தது. நீ எப்படி ஆரம்பிப்பாய் என்று யோசித்தேன். நீ முதல் வார்த்தைக்கு முன் ஒரு சின்ன மூச்சு விடுவாய். அதை விட்டேன். எலேன் என்று சொல்லிவிட்டேன். அந்த ஆள் முழுதாகப் பேசினான். நன்றி சொன்னான். அதற்குப் பிறகு எப்படி மாற்றுவது?

அப்பா விஷயம். கேன்டீனில் எல்லோரும் அப்பாக்களைப் பற்றிப் பேசினார்கள். ஒருத்தர் பாங்க் மேனேஜர். சரிதா அப்பா இன்ஜினியர். என்னிடம் திரும்பினார்கள். மில் மூடினது, மூடின மில்லுக்கு வெளியே அப்பா போராட்டப் பந்தலில் உட்கார்ந்தது, பிறகு இந்த வாட்ச்மேன் ஸ்டூல், இதையெல்லாம் ஒரு டீ குடிக்கிற நேரத்தில் சொல்ல முடியாது. கரும்பு என்று வாயில் வந்தது. விவசாயி என்றால் இங்கே மரியாதையாகப் பார்க்கிறார்கள். எத்தனை காணி என்று யாரும் கேட்பதில்லை. அப்பாவைப் பற்றி நீ எனக்குச் சொல்லித்தர வேண்டாம். மாதா மாதம் அவர் மாத்திரைக்குப் பணம் போவது இந்த எலேன் சம்பளத்திலிருந்துதான்.

பொறாமை உனக்கு மட்டும் வந்தது என்று நினைக்கிறாய். மதாம் என்ன சொல்வார், நினைவிருக்கிறதா? "எலேன், இன்னொரு தடவ வாசி. மத்தவங்க கேக்கட்டும்." அந்த மற்றவர்கள் நான்தான், பூர்ணி. மூன்று வருடம் உன் பக்கத்தில் உட்கார்ந்து மற்றவர்களாக இருந்தேன். கோபிநாத் ஒருநாள் சொன்னான், "ஓதில் வாயத் தொறந்தா பிரெஞ்சுக்காரன் ஊர காலி பண்ணிட்டு ஓடிடுவான்" என்று. "அவன் ஓடி அறுபது வருஷம் ஆச்சிடா" என்றேன். வகுப்பே சிரித்தது. நீயும் சிரித்தாய். என் பதிலுக்குச் சிரித்தாயா, அவன் சொன்னதற்கா என்று இன்றுவரை உன்னிடம் கேட்கவில்லை.

உன் பெயரைக் கொடுத்தபோது நீ வர மாட்டாய் என்று நினைத்தேன். கூப்பிட்ட நல்ல பெயர் எனக்கு, வராத பழி உனக்கு. நீ நேர்காணலுக்குச் சம்மதித்ததும் அவசரப்படாதே என்று எழுத உட்கார்ந்துவிட்டேன். மாலா உன்னைப் பற்றிப் பேசுவதை நிறுத்தவே இல்லை. இன்று மட்டும் மூன்று முறை.

நீ வந்தால் ஒரு வாரம் போதும். யார் குரல் அசல் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். உனக்கு அங்கே வீடு இருக்கிறது, அப்பா இருக்கிறார், அந்த அரசு வேலை என்றைக்காவது வரும். எனக்கு இந்த ஃப்ளோரும் இந்த ஹெட்செட்டும்தான்.

வராதே. கேட்டுக்கொள்கிறேன்.

செல்வி


தவளக்குப்பம்
9 ஜூலை 2024

செல்வி,

உன் கடிதம் வந்த அன்று வர மாட்டேன் என்று மாலாவுக்கு மின்னஞ்சல் எழுதினேன். அனுப்பவில்லை. மறுநாள் வருகிறேன் என்று எழுதினேன். அதையும் அனுப்பவில்லை.

சனிக்கிழமை அப்பாவுடன் தவளக்குப்பம் கடைத்தெருவுக்குப் போனேன். உர மூட்டை வாங்க. காத்திருந்தபோது அவரிடம் சொன்னேன். வேறு யாரிடம் சொல்வது. நீ அவரை உன் அப்பாவாக வைத்திருப்பதைச் சொன்னேன். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். ஆசைப்பட்டேன்.

"நம்ம கரும்ப வச்சி அந்தப் பொண்ணு பொழைக்குதா?"

"ஆமாம்பா."

"பொழைக்கட்டும். எனக்குதான் அதுல ஒண்ணும் நிக்கல." கொஞ்ச நேரம் கழித்து, "எத்தினி காணின்னு சொல்லிச்சாம்?" என்றார்.

"கேக்கலையாம்."

"கேட்டா பத்துன்னு சொல்லச் சொல்லு. சொல்றதுதான் சொல்றா, ரெண்டரைய எதுக்குச் சொல்லணும்."

பக்கத்தில் நின்ற கொளஞ்சி மாமா வரை எல்லோரும் சிரித்தார்கள். நான் மட்டும் மூட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் கோபத்தில் பங்கு கேட்க ஒருவரும் இல்லை.

வேலையைப் பற்றிக் கேட்டேன். "எனக்கு இன்னா தெரியும். ரேசன் கார்டுல பேரு இருக்கட்டும், அத மட்டும் எடுத்துடாத. இந்த ஊட்ட வுட்டா எங்க போவப் போற" என்றார். போ என்றாரா, போகாதே என்றாரா, தெரியவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது.

திங்கட்கிழமை வகுப்பில் ஒரு பாடம் வாசித்துக் காட்டினேன். வேண்டுமென்றே நன்றாக வாசித்தேன், யாரோ கேட்கிற மாதிரி. வாசித்து முடித்து நிமிர்ந்தேன். இனியா என்று ஒரு பெண், "மிஸ், இது எக்ஸாமுக்கு வருமா?" என்றாள்.

அப்போதுதான் புரிந்தது. நான் நன்றாகப் பேசுகிறேன் என்று இந்த ஊரில் ஒருவருக்கும் தெரியாது. அப்பாவுக்குத் தெரியாது. பள்ளி நிர்வாகிக்குத் தெரியாது. எனக்கே மறந்துகொண்டிருந்தது. நான் மூச்சு விடுவதை நீ எழுதியிருக்கிறாய். அப்படி ஒன்று நான் செய்வதாக எனக்குத் தெரியவே தெரியாது. அதை வாசித்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, நானே செய்து பார்த்தேன். எனக்கு வரவில்லை. உனக்கு வருகிறது.

உனக்கு என்மேல் பயமாக இருக்கிறது. அதைப்போல எனக்கு யாரும் எதுவும் கொடுத்ததில்லை. தப்பாக எடுத்துக்கொள்ளாதே. தப்பாகவே எடுத்துக்கொண்டாலும் சரி.

வருகிறேன் என்று நேற்று அனுப்பிவிட்டேன். சம்பளத்துக்காக என்று எல்லோரிடமும் சொல்கிறேன். அந்த ஊரில் என்ன மிஞ்சும் என்று எனக்குத் தெரியும். நீ நன்றாக இருப்பதை இவ்வளவு தூரத்திலிருந்து கற்பனை செய்துகொண்டே இருக்க என்னால் முடியவில்லை. பக்கத்தில் வந்து பார்த்துவிடுகிறேன்.

பெயரை நீயே வைத்துக்கொள். அவர்கள் ஒரு பட்டியல் அனுப்பினார்கள். மர்த்தின் என்று ஒன்று இருந்தது. எடுத்துக்கொண்டேன். பிடிக்கவில்லை. கரும்பையும் வைத்துக்கொள். மாலாவைத் தவிர வேறு யார் கேட்டாலும் என் அப்பா பள்ளிக்கூட வாத்தியார் என்று சொல்லிவிடுகிறேன். உன் அப்பாவிடம் நான் எதையும் சொல்லவில்லை. சொல்ல மாட்டேன்.

மூன்றாவது கட்டில் வேண்டாம். அடுத்த தெருவில் ஒரு பெண்கள் பிஜி விடுதி பார்த்துவிட்டேன். நான்கு பேர் அறை. ஜன்னல் இல்லையாம்.

இருபதாம் தேதி பகல் பேருந்து. திங்கட்கிழமை வேலை.

பூர்ணிமா


பெங்களூரு
14 ஜூலை 2024

பூர்ணி,

உன் கடிதம் இன்னும் என் பையில்தான் இருக்கிறது. யாரிடமும் காட்டவில்லை.

சந்தோஷம் என்று எழுத முடியவில்லை. அழைத்துப் போக வருவேனா என்றும் தெரியவில்லை. அதனால் இதை எழுதிவைக்கிறேன்.

திருவண்ணாமலையில் சாப்பிட நிறுத்துவார்கள். சாம்பார் சாதம் வாங்காதே, தயிர் சாதம் வாங்கு. ஓசூர் தாண்டியதும் கண்டக்டர் எல்லோரையும் இறங்கச் சொல்லி அவசரப்படுத்துவார். இறங்காதே. சில்க் போர்டிலும் இறங்காதே, அங்கே சாலையைக் கடக்கவே முடியாது. மடிவாலாவில் இறங்கு. ஆட்டோக்காரரிடம் தமிழில் பேசு. நிறைய பேருக்குத் தெரியும். விலாசத்தைச் சொல்லாதே, மார்க்கெட் என்று சொல். விலாசம் சொன்னால் புதிதாக வந்தவள் என்று தெரிந்துவிடும். போர்வை கொண்டுவா. ஜூலையிலேயே குளிரும். நம் ஊர்க்காரர்கள் யாரும் இதை நம்புவதில்லை. நானும் நம்பவில்லை. முதல் வாரம் முழுவதும் துண்டைப் போர்த்திக்கொண்டு படுத்தேன்.

நான்கு பேர் அறையில் கதவுக்குப் பக்கத்துக் கட்டிலை எடுக்காதே. ராத்திரி ஷிப்டு முடித்து வருகிறவர்கள் விளக்கைப் போடுவார்கள்.

சரிதாவிடம் சொன்னேன். "உன் ஃப்ரெண்டா? சொல்லவே இல்ல. எப்படி இருப்பா?" என்றாள். கெட்டிக்காரி என்றேன். "அப்ப எனக்குப் பிடிக்கும்" என்றாள். அவளுக்கு உன்னை நிச்சயம் பிடிக்கும். நினைத்தாலே எனக்கு எரிகிறது.

மாலா உனக்கு என் எதிர் வரிசையில் சீட் போட்டிருக்கிறார். நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்பு மட்டும்தான். நீ பேசுவது எனக்குக் கேட்கும். நான் பேசுவது உனக்கும். போன வாரத்திலிருந்து நான் அந்தச் சின்ன மூச்சை விடாமல் பேசிப் பார்க்கிறேன். இரண்டு பேர் பாதியில் போனை வைத்துவிட்டார்கள். ஒரு அம்மாள் கடைசிவரை பேசினார். பச்சைப் பெட்டி, ஒரு சக்கரம் உடைந்தது. முடிக்கும்போது பெயரைக் கேட்டார். நான் சொல்வதற்குள் லைன் போய்விட்டது.

திங்கட்கிழமை உன் முதல் கால் வரும்போது என்னுடையதை மியூட்டில் போட்டுவிட்டுக் கேட்பேன். கேட்காமல் இருக்கிற அளவுக்கு நான் நல்லவள் இல்லை. உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். முடியாது என்றும் தெரியும்.

முதல் நாளாவது கொஞ்சம் தடுமாறு.

செல்வி